டிஎஸ்எச் கூடினால் தைராய்டு எப்படிக் குறைவாகும்?

கேள்வி: அம்மாவின் ரத்தப் பரிசோதனையில் டிஎஸ்எச் 11 என்று வந்திருக்கிறது, பக்கத்திலேயே 'ஹை' என்று போட்டிருக்கிறார்கள். ஆனால் டாக்டர் தைராய்டு குறைவாகச் சுரக்கிறது என்று சொல்லி மாத்திரையின் அளவைக் கூட்டிவிட்டார். ஏற்கெனவே கூடியிருப்பதற்கு இன்னும் கூட்டுவதா?

பதில்: நான் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். ரிப்போர்ட் வாங்க வருகிறவர்கள் கவுண்டரில் நின்றபடியே கேட்கும் கேள்விதான் இது. "தம்பி, நம்பர் ஏறியிருக்கே, அப்ப மாத்திரையைக் குறைக்கணும்தானே?" என்று கேட்ட ஒரு அம்மா, டாக்டரைப் பார்க்காமல் தானாகவே பாதி மாத்திரைக்கு இறங்கிவிட்டார். அடுத்த முறை நம்பர் இன்னும் மேலே போயிருந்தது. அவரைக் குறை சொல்லவும் முடியாது. சர்க்கரை, கொலஸ்ட்ரால் என்றால் எது கூடியிருக்கிறதோ அதைக் குறைக்கச் சொல்வார்கள். அந்தக் கணக்குக்குப் பழகியவர்களுக்கு இது தலைகீழாகத்தான் தெரியும்.

விஷயம் என்னவென்றால், டிஎஸ்எச் தைராய்டில் சுரப்பதே இல்லை. மூளைக்கு அடியில் ஒரு கிராம்கூடத் தேறாத பிட்யூட்டரி என்ற சுரப்பி இருக்கிறது. கழுத்தில் உள்ள தைராய்டுக்கு அது அனுப்பும் உத்தரவுதான் டிஎஸ்எச். தைராய்டு சுரக்கும் ஹார்மோன்கள் பெரும்பாலும் டி4, கொஞ்சம் டி3. இவை ரத்தத்தில் போதுமான அளவு இருந்தால் பிட்யூட்டரி அடங்கி இருக்கும். குறைந்தால் கட்டட வேலை மேஸ்திரி மாதிரி குரலை உயர்த்தும். ஆள் ஒழுங்காக வேலை செய்யாத இடத்தில்தானே மேஸ்திரியின் சத்தம் அதிகம்? அம்மாவின் 11 அந்தச் சத்தம்தான். மாத்திரையில் இருப்பது டி4. அளவைக் கூட்டினால் ரத்தத்தில் டி4 ஏறும், பிட்யூட்டரி அடங்கும், டிஎஸ்எச் இறங்கும்.

அப்படியானால் டி4-ஐயே அளந்து பார்த்துவிடலாமே என்று தோன்றும். அளக்கிறோம். ஆனால் டி4 லேசாக இறங்கினாலே டிஎஸ்எச் பல மடங்கு எகிறிவிடும். அதனால் டி4 இன்னும் நார்மலுக்குள் இருக்கும்போதே டிஎஸ்எச் காட்டிக்கொடுத்துவிடும்.

பிட்யூட்டரிக்கும் மேலே ஒருவர் உண்டு. மூளையின் ஹைப்போதலாமஸ் பகுதி டிஆர்எச் என்ற ஹார்மோனை அனுப்பித்தான் பிட்யூட்டரியைத் தூண்டுகிறது. மூன்றே அமினோ அமிலங்கள் கொண்ட அந்தத் துளிப் பொருளைப் பிரித்தெடுக்க ரோஜர் கிய்மன் லட்சக்கணக்கான ஆடுகளின் மூளைத் துண்டுகளையும், அவருக்குப் போட்டியாக ஆண்ட்ரூ ஷாலி பன்றிகளின் மூளைத் துண்டுகளையும் அரைத்துத் தள்ளினார்கள். 1969-ல் அதன் அமைப்பு தெரிந்தது. 1977-ல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. அதே பரிசில் பாதி ரோசலின் யாலோவுக்குப் போனது. எங்கள் தொழிலில் இருப்பவர்கள் கும்பிட வேண்டியது அவரைத்தான் என்பேன். ரத்தத்தில் இம்மியளவு இருக்கும் ஹார்மோனை, அதை மட்டும் தேடிப் பற்றிக்கொள்ளும் ஆன்டிபாடி என்ற புரதத்தைக் கொண்டு அளக்கும் வழியை சாலமன் பெர்சனோடு சேர்ந்து கண்டுபிடித்தவர் அவர். பெர்சன் 1972-லேயே இறந்துவிட்டதால் அவருக்குப் பரிசு இல்லை. அவர்கள் கதிரியக்கத்தை வைத்து அளந்தார்கள், இன்றைய மெஷின்கள் பெரும்பாலும் ஒளியை வைத்து அளக்கின்றன. ஆன்டிபாடி இல்லாமல் இரண்டுமே நடக்காது.

இந்தச் சுற்று வேலை செய்வதைக் கண்ணாலேயே பார்க்கலாம், அதுதான் முன்கழுத்துக் கழலை. டி4 செய்ய அயோடின் வேண்டும். சாப்பாட்டில் அயோடின் இல்லை என்றால் டி4 குறையும், டிஎஸ்எச் ஏறும், அது விடாமல் தூண்டத் தூண்டத் தைராய்டு வீங்கும். இமயமலை அடிவாரத்துக் காங்ரா பள்ளத்தாக்கில் 1956-ல் டாக்டர் ராமலிங்கசுவாமியின் குழு அயோடின் கலந்த உப்பைக் கொடுத்துப் பார்த்தது. கழலை குறைந்தது. 1962-ல் தேசியக் கழலைத் தடுப்புத் திட்டம் வந்தது. இன்று கடையில் வாங்கும் உப்புப் பாக்கெட்டில் அயோடின் இருப்பதற்கு வேர் அங்கேதான். ஆனால் உங்கள் அம்மாவுக்கு உப்பைக் கூட்டிப் போட்டுவிடாதீர்கள். இப்போது நம் ஊர்களில் பெரியவர்களுக்குத் தைராய்டு குறைவதற்குப் பெரும்பாலும் காரணம் அயோடின் இல்லை, உடலின் எதிர்ப்புச் சக்தியே சுரப்பியைத் தாக்குவதுதான். 1912-ல் அதை விவரித்த ஜப்பானிய டாக்டரின் பெயரால் ஹாஷிமோட்டோ என்பார்கள்.

அப்புறம், அளவு மாற்றிப் பத்தே நாளில் மறுபடி டெஸ்ட் எடுக்க வராதீர்கள். ரத்தத்தில் உள்ள டி4 பாதியாகக் குறையவே சுமார் 7 நாள் ஆகும். புதிய அளவு நிலைபெற்று, பிட்யூட்டரியும் அதற்குப் பழக வேண்டும். ஆறிலிருந்து எட்டு வாரம் கழித்துப் பார்த்தால்தான் அந்த எண்ணுக்கு அர்த்தம். பத்தாம் நாள் வந்தாலும் எங்கள் ஆட்கள் பணம் வாங்கிக்கொண்டு ரிப்போர்ட் தருவார்கள், அது வேறு விஷயம்.

மேஸ்திரிக்கே உடம்பு சரியில்லை என்றால் இந்தக் கணக்கு செல்லாது. பிரசவத்தில் ரத்தம் அதிகம் போய் பிட்யூட்டரி பாதிக்கப்பட்டவர்கள், அங்கே கட்டி உள்ளவர்கள் ஆகியோருக்கு டிஎஸ்எச் நார்மலாகவோ குறைவாகவோ காட்டலாம், ஆனால் டி4 தரையில் கிடக்கும். அவர்களுக்கு ஃப்ரீ டி4-ஐத்தான், அதாவது ரத்தத்தில் புரதத்தோடு ஒட்டாமல் தனியாக இருக்கும் டி4-ஐத்தான் பார்க்க வேண்டும். முடி வளர பயோட்டின் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் ரத்தம் கொடுக்கும் முன்பே சொல்லிவிடுங்கள். சில மெஷின்களில் அது டிஎஸ்எச்சைக் குறைத்தும் டி4-ஐக் கூட்டியும் காட்டி, இல்லாத நோயை உண்டாக்கிவிடும்.

கடைசியாக, அம்மாவிடம் ஒன்று கேளுங்கள்: மாத்திரையை எதோடு போடுகிறார்? வெறும் வயிற்றில் தண்ணீரோடு போட்டுவிட்டு, காப்பிக்கு அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் பொறுக்க வேண்டும். கால்சியம், இரும்புச்சத்து மாத்திரைகளுக்கு 4 மணி நேர இடைவெளி வேண்டும். இல்லாவிட்டால் மாத்திரை ரத்தத்தில் சரியாகச் சேராது, டிஎஸ்எச் ஏறும். காலைக் காப்பியோடுதான் போடுகிறார் என்றால் புதிய அளவைத் தொடங்கும் முன்பே அதை டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். பழைய அளவையே சரியாகப் போட்டுப் பார்க்கலாம் என்று அவர் சொல்லக்கூடும்.