ஒன்றரை மடங்கு தாத்தா

அன்புள்ள மேடம்,

ஓசூரில் மென்பொருள் வேலையில் இருக்கிறேன். கல்லூரி நாட்களிலிருந்து உங்கள் கதைகளைப் படிக்கிறேன். சமீபத்தில் மூன்று படங்கள் பார்த்தேன். ‘பெர்ஃபெக்ட் டேஸ்’ அருமை, ஒரு தியானம் மாதிரி இருந்தது. ‘மெய்யழகன்’ பிடித்தது, ஆனால் அவர்கள் வெட்டிய 18 நிமிடத்தோடு இன்னொரு 18 நிமிடத்தையும் வெட்டியிருக்கலாம். ‘கொட்டுக்காளி’தான் பொறுமையைச் சோதித்துவிட்டது. ஒரே இழுவை. கால் மணி நேரத்துக்குப் பிறகு லேப்டாப்பில் ஒன்றரை மடங்கு வேகம் வைத்துத்தான் முடித்தேன். கூடவே பார்த்துக்கொண்டிருந்த அம்மா “என்னடா, எல்லாம் ஓடுது” என்று எழுந்து போய்விட்டார். சிரித்துவிட்டேன்.

உங்களுக்குப் பிடித்த ஐந்து இயக்குநர்கள் யார்? வரிசைப்படுத்திச் சொல்ல முடியுமா? லோகேஷ் கனகராஜ் படங்கள் பார்ப்பீர்களா? இப்போது வருகிற படங்களைப் பற்றி ஏன் எழுதுவதே இல்லை?

பிரபு

அன்புள்ள பிரபு,

மேடம் வேண்டாம், அக்கா போதும். உங்கள் அம்மா என்னைவிடச் சின்னவராக இருந்தால் பெரியம்மா என்றாலும் கோபப்பட மாட்டேன்.

வரிசையெல்லாம் போட மாட்டேன். ரேஷன் கடையில் நின்ற வரிசையே இந்த ஜென்மத்துக்குப் போதும். லோகேஷ் படங்களைப் பார்ப்பேன், என் மகன் கூட்டிக்கொண்டு போவான். அவை ஏற்கெனவே ஒன்றரை மடங்கில்தான் ஓடுகின்றன, உங்களுக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை. புதுப் படங்களைப் பற்றி எழுதாததற்குக் காரணம் சோம்பல்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் கடிதம் வந்த வாரம் நானும் இதையே யோசித்துக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டுப் பெண் காதில் மாட்டிக்கொண்டு ஒரு நாவலை இரண்டு மடங்கு வேகத்தில் ‘கேட்டு’ முடித்ததாகச் சொன்னாள். அப்பளம் பொரிப்பது மாதிரி ஒரு பெருமை அவள் முகத்தில். அவளை விட்டுவிட்டேன், கல்யாணம் நிச்சயமான பெண். நீங்கள் மாட்டிக்கொண்டீர்கள்.

முதலில் ஒரு சந்தேகம். ‘பெர்ஃபெக்ட் டேஸ்’ படத்தை எந்த வேகத்தில் பார்த்தீர்கள்? சாதாரண வேகத்தில்தான், இல்லையா? அதில் என்ன நடக்கிறது? டோக்கியோவில் கழிப்பறைகளைச் சுத்தம் செய்கிற ஒரு மனிதர் காலையில் எழுகிறார், செடிக்குத் தண்ணீர் தெளிக்கிறார், இயந்திரத்தில் ஒரு டப்பா காபி எடுக்கிறார், வண்டியில் கேசட் போடுகிறார். மறுநாளும் அதேதான். கிட்டத்தட்ட இரண்டு மணி நேரம். அது உங்களுக்குத் தியானம். மதுரைப் பக்கத்துக் குடும்பம் ஒன்று ஆட்டோவில் போகிறது, ஒன்றே முக்கால் மணி நேரத்துக்குள் முடிந்தும் விடுகிறது. அது இழுவை.

காரணம் எனக்குத் தெரியும். ஜப்பானிய மொழிக்கு சப்டைட்டில் படிக்க வேண்டும், ஒன்றரை மடங்கில் கண் எட்டாது. அதனால் நிதானமாகப் பார்த்தீர்கள், நிதானமாகப் பார்த்ததால் பிடித்தது. தமிழ் காதில் தானாக விழுந்துவிடுகிறது, அதனால் அவசரம். சொந்த மொழி புரிகிறது என்பதற்காக அதற்கு இந்தத் தண்டனையா தம்பி? இன்னொன்று. அந்தக் கழிப்பறைக்காரரின் பெயர் ஹிராயாமா. ஜப்பானிய இயக்குநர் ஓசுவின் ‘டோக்கியோ ஸ்டோரி’யில் (1953) வருகிற முதிய தம்பதியின் குடும்பப் பெயரும் அதுதான். ஓசுமேல் உயிரையே வைத்திருப்பவர் ‘பெர்ஃபெக்ட் டேஸ்’ எடுத்த விம் வெண்டர்ஸ், அவரைத் தேடி டோக்கியோவுக்குப் போய் ஓர் ஆவணப்படமே எடுத்தார். நீங்கள் ரசித்த நிதானம் கடன் வாங்கியது. கடன் கொடுத்தவரிடமும் ஒருமுறை போய்ப் பாருங்கள்.

‘மெய்யழகன்’ பற்றி நீங்கள் சொன்னதில் எனக்கு உடன்பாடில்லை, ஆனால் சண்டைக்கு வர மாட்டேன். வெட்டுவது வேறு. எங்கள் பண்ருட்டிப் பக்கத்து டூரிங் டாக்கீஸில் ஓர் ஆபரேட்டர் இருந்தார். ஒரே புரொஜெக்டர், அதனால் ரீல் மாற்ற மாற்ற இடைவேளை, ஒரு படத்துக்கு மூன்று நான்கு முறை முறுக்கும் சோடாவும் விற்பார்கள். கடைசி பஸ் போய்விடும் என்று தோன்றினால் ஒரு பாட்டையோ சோகக் காட்சியையோ எடுத்துவிடுவார். அந்த ஓட்டைக் கூண்டுக்குள் அவரை நான் பார்த்திருக்கிறேன். படம் ஓடும்போது திரையைப் பார்க்கவே மாட்டார். இரண்டு கார்பன் குச்சிகளுக்கு நடுவே எரிகிற வெளிச்சத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். குச்சி எரிந்து இடைவெளி கூடினால் திரை மங்கும், வெளியே விசில் பறக்கும், கையால் திருகிச் சரிசெய்வார். விட்டுப்போன பாட்டை மறுநாள் நாங்கள் கேட்டால், “நாளைக்கு வா, போடறேன்” என்பார். போட்டதில்லை.

ஆனால் அவர் ஒருநாளும் வேகத்தைத் தொட்டதில்லை. நொடிக்கு 24 சட்டகம், நிமிடத்துக்கு 90 அடி. மிச்சம் வைத்த காட்சியில் சிவாஜி சிவாஜியின் நடையில்தான் நடந்தார். உங்கள் லேப்டாப் எதையும் வெட்டவில்லை, எல்லோரையும் ஓட வைத்துவிட்டது.

2019இல் நெட்பிளிக்ஸ் இந்த வேக வசதியைச் சோதித்துப் பார்த்தபோது பிராட் பேர்ட், ஜட் ஆபடோ போன்ற ஹாலிவுட் இயக்குநர்கள் கொதித்துப்போனார்கள். மறுவருஷம் வசதி வந்தே விட்டது. வேகத்தைக் குறைத்துப் பார்ப்பது காது மந்தமானவர்களுக்கு உதவுகிறது, அதற்குக் கும்பிடு போடுகிறேன். நீங்கள் அந்தக் கணக்கில் வர மாட்டீர்கள்.

இப்போது என் அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். நீங்கள் கேட்கவில்லை, தெரியும்.

அப்பா கூட்டுறவுச் சங்கத்தில் எழுத்தர். ஊருக்கு வெளியே இரண்டேகால் சென்ட் வாங்கி வீடு கட்ட ஆரம்பித்தார். லிண்டல் மட்டத்தோடு நின்றுபோனது. மேஸ்திரி முன்பணத்தோடும் இருபது மூட்டை சிமெண்டோடும் காணாமல் போனார். அதைப் பற்றி வீட்டில் யாரும் பேசக் கூடாது. சுவரில் எருக்கு முளைத்து, அதில் பூவும் பூத்தது.

அப்போது தூர்தர்ஷனில் ஞாயிறு மதியம் மாநில மொழிப் படம் போடுவார்கள். தமிழின் முறை எப்போதாவதுதான் வரும். ஒரு ஞாயிறு பாலு மகேந்திராவின் ‘வீடு’ (1988) வந்தது. எதிர்வீட்டு டயனோரா டிவியில் பார்த்தோம். படத்தில் பாட்டு கிடையாது, இளையராஜா ‘ஹவ் டு நேம் இட்’ தொகுப்பில் போட்டிருந்த இசைதான். அர்ச்சனா ஒரு நடுத்தரக் குடும்பத்துப் பெண், வாடகை வீட்டிலிருந்து கிளம்ப வேண்டிய நிலை, கடன் கிடன் வாங்கி வீடு கட்ட ஆரம்பிக்கிறாள். கான்ட்ராக்டர் ஏமாற்றுகிற இடம் வந்ததும் அப்பா நாற்காலியிலிருந்து முன்னால் வந்து, “மூட்டைய எண்ணிப் பாக்கச் சொல்லுங்க அந்தப் பொண்ண” என்றார். டிவியைப் பார்த்துத்தான் சொன்னார். எதிர்வீட்டு அம்மாள் என்னைப் பார்த்தார், நான் தரையைப் பார்த்தேன்.

அப்புறம் அர்ச்சனாவின் தாத்தா வருகிற காட்சி. சொக்கலிங்க பாகவதர், நாடக மேடையிலிருந்து வந்தவர். முடியாத அந்த வீட்டைப் பார்க்கத் தனியாகக் கிளம்பி வருகிறார். அறை அறையாக நடக்கிறார், சுவரைத் தொட்டுப் பார்க்கிறார். அவ்வளவுதான். கதை ஓர் அங்குலம் நகரவில்லை, உங்கள் கணக்கில் சுத்த இழுவை. அந்த சந்தோஷத்தோடேயே அவர் இறந்தும் போகிறார்.

படம் முடிவதற்கு முன்பே அப்பா எழுந்து போய்விட்டார். சாயங்காலம் அம்மா தேடச் சொல்லி நான் சைக்கிளில் போனேன். அந்த அரைகுறை வீட்டில் இருந்தார். பக்கத்துக் கொல்லைக் கிணற்றிலிருந்து வாளியில் தண்ணீர் கொண்டுவந்து சுவருக்கு ஊற்றிக்கொண்டிருந்தார். கட்டிய புதிதில் பத்து நாள் ஊற்றினால் போதும். இந்தச் சுவருக்கு இரண்டு வயது. செங்கல் தண்ணீரை உறிஞ்சுகிற சத்தம் மட்டும் சொய்யென்று கேட்டது. “காஞ்சு கிடக்கு” என்றார். நானும் ஒரு வாளி இறைத்தேன். எருக்கை அவர் பிடுங்கவில்லை.

நேற்று ராத்திரி உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு ஒரு காரியம் செய்தேன். அந்தத் தாத்தா காட்சியைப் போனில் எடுத்து ஒன்றரை மடங்கில் ஓட விட்டேன். வாடகை பாக்கி வசூலிக்க வந்தவர் மாதிரி நடந்தார். வயது இருபது குறைந்துவிட்டது. சுவரைத் தொடுகிற கை, பெயிண்ட் காய்ந்ததா என்று பார்க்கிற கை ஆகிவிட்டது. வயலின் முகூர்த்த நேர அவசரத்துக்குப் போய்விட்டது. நடிகர் எண்பது வருஷம் வாழ்ந்து சேர்த்த நடையை ஒரு பொத்தானால் பிடுங்கிக்கொள்ளலாம் என்று எனக்கு அதுவரை தெரியாது. நீங்கள் மிச்சம் பிடிப்பது நேரம் என்று நினைக்கிறீர்கள். பாத்திரங்களின் வயதை மாற்றிக்கொண்டிருக்கிறீர்கள்.

ஈரானிய இயக்குநர் கியாரோஸ்தமி ஒருமுறை, பார்க்கிறவர்களைத் தியேட்டரில் தூங்க வைக்கிற படங்கள்தான் தனக்குப் பிடிக்கும் என்றார். உடனே தூங்கட்டும், பிற்பாடு அந்தப் படம் அவர்களைத் தூங்கவிடாமல் செய்தால் போதும் என்ற பொருளில். அதனால் பிரபு, தூங்கிவிடுங்கள். ‘கொட்டுக்காளி’யில் கால் மணி நேரத்தில் குறட்டை விட்டிருந்தால் உங்கள்மேல் எனக்கு வருத்தமே இருந்திருக்காது.

அவருடைய ‘நண்பனின் வீடு எங்கே’ படத்தில் (1987) அகமது என்ற பையன் நண்பனின் நோட்டைத் திருப்பிக் கொடுக்க அடுத்த ஊருக்கு ஓடுகிறான். இருட்டிவிட்டது. வழிகாட்ட ஒரு கிழவர் சேர்ந்துகொள்கிறார், கதவு ஜன்னல் செய்கிறவர். அவரால் வேகமாக நடக்க முடியாது. இந்தக் கதவு நான் செய்தது, அந்த ஜன்னல் நான் செய்தது என்று மூச்சு வாங்கிக்கொண்டு காட்டுகிறார். பையனுக்குத் தவிப்பு. அவன் உங்கள் கட்சி, அவனிடம் அந்தப் பொத்தான் இருந்தால் அமுக்கியிருப்பான். வழியில் அவர் ஒரு சின்னப் பூவைக் கொடுக்கிறார். வீடு கிடைக்கவில்லை, நோட்டைக் கொடுக்க முடியவில்லை. மறுநாள் வகுப்பில் வாத்தியார் நோட்டைத் திறக்கும்போது அந்தப் பூ உள்ளே இருக்கிறது. ஒன்றரை மடங்கில் பார்த்தாலும் பூ இருக்கும். அது யார் நடையோடு வந்த பூ என்பது மனதில் தங்குமா என்பது எனக்குச் சந்தேகம்.

‘கொட்டுக்காளி’யை மறுபடி பாருங்கள் என்று கெஞ்ச மாட்டேன். அதன் இயக்குநர் வினோத்ராஜுக்கு என் சிபாரிசு தேவையில்லை, ரோட்டர்டாம் திரைப்பட விழாவில் அவருடைய முந்தைய படம் ‘கூழாங்கல்’லுக்குப் புலி விருதே கொடுத்துவிட்டார்கள். ஆனால் யோசியுங்கள். குரல் கட்டிப்போய்த் தொண்டையில் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருக்கிறார் சூரி. அன்னா பென் படம் முழுக்கக் கிட்டத்தட்ட வாயே திறப்பதில்லை. பின்னணி இசை இல்லை. வண்டிச் சத்தமும் காற்றும் காலைக் கட்டிய சேவலும்தான். வழியில் ஒரு காளை மறித்து நிற்கிறது, அத்தனை ஆம்பளைகளும் இறங்கி முழிக்கிறார்கள், ஒரு சின்னப் பெண் வந்து சாதாரணமாக ஓட்டிக்கொண்டு போகிறாள். அவர்கள் முழிக்கிற நேரம்தான் அங்கே நகைச்சுவை. அதைத்தான் நீங்கள் குறுக்கினீர்கள். மிச்சமான அரை மணி நேரத்தில் என்ன செய்தீர்கள்? போன் பார்த்தீர்கள், இல்லையா? எனக்கும் வீட்டில் ஒரு மகன் இருக்கிறான்.

பிடித்த இயக்குநர் பெயர் ஒன்றாவது வேண்டுமென்றால் இன்றைக்கு பாலு மகேந்திரா என்று எழுதிக்கொள்ளுங்கள். நாளைக்குக் கேட்டால் மகேந்திரன் என்பேன்.

உங்கள் கடிதத்தில் எனக்குப் பிடித்த விமர்சகர் உங்கள் அம்மாதான். “எல்லாம் ஓடுது” என்று சரியாகச் சொல்லிவிட்டு எழுந்து போனவரைப் பார்த்துச் சிரித்திருக்கிறீர்கள். முதல் கால் மணி நேரம் அவர் அந்தப் படத்தை உட்கார்ந்து பார்த்திருக்கிறார் என்பதைக் கவனித்தீர்களா? அவரிடம் கேட்டு எழுதுங்கள். அந்தப் பெண் ஏன் பேச மாட்டேன் என்கிறாள் என்று அவருக்கு ஒரு யோசனை இருந்திருக்கும். சேவல் என்ன ஆனது என்று தெரிந்துகொள்ள அவருக்கு ஆசையாகவும் இருக்கலாம். நீங்களாகச் சொல்லிவிடாதீர்கள்.

அன்புடன்,
அக்கா