அமெரிக்கப் பாடகர் பில்லி ஜோயலின் ‘பியானோ மேன்’ பாட்டு மட்டுமே தெரியும். அவருடைய மற்ற ஆல்பங்களை எங்கிருந்து கேட்கத் தொடங்கலாம்?

1976-ல் வந்த ‘டர்ன்ஸ்டைல்ஸ்’ ஆல்பத்திலிருந்து தொடங்குங்கள். ‘பியானோ மேன்’ (1973) அருமையான பாட்டுதான். லாஸ் ஏஞ்சலஸில் ஒரு மது விடுதியில் வேறு பெயரில் பியானோ வாசித்துப் பிழைத்த நாட்களில் பிறந்தது. ஆனால் அதே பெயரில் வந்த ஆல்பத்தில் உடன் வாசித்தவர்கள் ஸ்டூடியோ கலைஞர்கள். வாசிப்பு சுத்தமாக இருக்கும், அவர் வேகமெடுக்கும்போது கூடவே ஓடி வரமாட்டார்கள்.

‘டர்ன்ஸ்டைல்ஸ்’ ஆல்பத்தையும் முதலில் பிரிட்டிஷ் பாடகர் எல்டன் ஜானின் பழைய வாத்தியக்காரர்களை வைத்துத்தான் பதிவு செய்ய ஆரம்பித்தார்கள். ஜோயலுக்குப் பிடிக்கவில்லை. நியூயார்க்கில் தன் சொந்தக் குழுவோடு உட்கார்ந்து, தானே தயாரிப்பாளராகி மறுபடியும் பதிவு செய்தார். டிரம்ஸில் லிபர்ட்டி டிவிட்டோ, பேஸில் டக் ஸ்டெக்மயர், சாக்ஸபோனில் ரிச்சி கனாட்டா. என்னைக் கேட்டால், நாம் கொண்டாடும் பில்லி ஜோயல் இங்கேதான் பிறக்கிறார். அடுத்த ஆல்பத்தைத் தயாரிக்க பீட்டில்ஸின் தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டினிடம் பேச்சு நடந்தது. அவர் ஸ்டூடியோ கலைஞர்களைக் கேட்டதால் ஜோயல் வேண்டாம் என்றுவிட்டார். குழுவை அப்படியே ஏற்றுக்கொண்ட ஃபில் ரமோனோடு செய்ததுதான் 1977-ன் ‘தி ஸ்ட்ரேஞ்சர்’.

இந்த ஆல்பத்தை இயர்போனில் நிதானமாகக் கேளுங்கள். தலைப்புப் பாட்டில் மெல்லிய பியானோவுக்கு மேல் ஒரு சீழ்க்கை வரும். இந்த இடத்துக்கு எந்த வாத்தியம் சரிவரும் என்று கேட்பதற்காக ஜோயல் சீழ்க்கையடித்துக் காட்ட, அதுவே போதும் என்றாராம் ரமோன். அப்புறம் ‘சீன்ஸ் ஃப்ரம் அன் இட்டாலியன் ரெஸ்டாரன்ட்’. ஏழரை நிமிடம். இரண்டு பழைய நண்பர்கள் ஒயின் பாட்டிலோடு பேச உட்காருகிறார்கள், சாக்ஸபோன் நுழைகிறது, பியானோ திடீரென்று துள்ளி ஓடுகிறது. பிரெண்டா, எடி என்ற ஜோடியின் கல்யாணமும் பிரிவும் அந்த ஓட்டத்திலேயே முடிந்து, மறுபடி அதே மேஜைக்கு வந்துவிடுகிறோம். ஒரு இரவுப் பேருந்தில்தான் முதன்முதலாகக் கேட்டேன். முடிந்ததும் திரும்பத் திரும்ப மூன்று தடவை போட்டேன்.

‘52nd ஸ்ட்ரீட்’ (1978), ‘கிளாஸ் ஹவுஸஸ்’ (1980) இரண்டும் சுலபமாகப் பிடித்துவிடும். ‘தி நைலான் கர்ட்டன்’ (1982) மட்டும் கொஞ்சம் பொறுமை கேட்கும். பென்சில்வேனியாவின் எஃகு ஆலைகள் மூடிக்கொண்டிருந்த காலத்தைப் பாடும் ‘ஆலன்டவுன்’ ஆலைச் சங்கோடு தொடங்கும். வியட்நாம் போருக்குப் போன பையன்களைப் பாடும் ‘குட்நைட் சைகான்’ பாட்டில் முதலில் பூச்சிகளின் இரைச்சல், பிறகு ஹெலிகாப்டர். அவர் செய்ததிலேயே உச்சம் இந்த ஆல்பம்தான் என்பேன்.

‘தி பிரிட்ஜ்’ (1986) கேட்காவிட்டாலும் நஷ்டமில்லை. 1993-ன் ‘ரிவர் ஆஃப் டிரீம்ஸ்’ பன்னிரண்டாவது ஆல்பம். பாப் ஆல்பங்களில் அதுவே கடைசி. 2024-ல் ‘டர்ன் தி லைட்ஸ் பேக் ஆன்’ என்று ஒரே ஒரு புதுப் பாட்டு வந்தபோது அவருக்கு 74 வயது.

இவ்வளவும் கேட்ட பிறகு ஆரம்பப் பாடல்களுக்குத் திரும்புங்கள். நேராகப் பழைய ஆல்பங்களுக்குப் போக வேண்டாம். அந்தப் பாடல்களைத் தன் குழுவோடு மேடையில் பாடிப் பதிவு செய்த ‘சாங்ஸ் இன் தி ஆட்டிக்’ (1981) இருக்கிறது. அதில் ‘கேப்டன் ஜாக்’ கேட்டுவிட்டு, உடனே 1973 பதிவையும் கேளுங்கள். பல்லவி வரும்போது டிவிட்டோ டிரம்ஸை அடிக்கும் அடியிலேயே வித்தியாசம் தெரிந்துவிடும்.