தமோக்சிஃபெனுடன் குர்குமின் மாத்திரையும் சோயாவும்

வணக்கம். மார்பகப் புற்றுநோய்க்குப் பின், ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் மார்பகத்தில் செயல்படுவதைத் தடுக்கும் தமோக்சிஃபென் மருந்தை உட்கொள்ளும் தங்கள் தாயாருக்கு, மஞ்சளிலுள்ள குர்குமின் என்ற பொருளின் மாத்திரை தரலாமா, சோயாவை நிறுத்த வேண்டுமா என்று கேட்டிருந்தீர்கள். குர்குமின் மாத்திரை வேண்டாம். 2019இல் வெளியான நெதர்லாந்து ஆய்வொன்றில், குர்குமினுடன் மிளகிலுள்ள பைப்பெரின் என்ற பொருளும் சேர்ந்தபோது, தமோக்சிஃபெனிலிருந்து கல்லீரல் உருவாக்கும் எண்டாக்சிஃபென் என்ற வீரியமிக்க பொருளின் அளவு இரத்தத்தில் குறைந்தது. குழம்பில் இடும் மஞ்சள் மிகச் சிறிதளவே என்பதால் அதைத் தவிர்க்கச் சொல்லமாட்டேன். சோயாவிலுள்ள ஜெனிஸ்டீன் என்ற பொருள், செல்களில் ஈஸ்ட்ரோஜன் வந்து பிணையும் இடங்களான ஈஸ்ட்ரோஜன் ஏற்பிகளோடு பிணைவது உண்மைதான்; சோயா குறித்த அச்சம் எழுவது அதனால்தான். ஆயினும் ஷாங்காயில் இந்நோய்க்கு ஆளான 5,042 பெண்களைத் தொடர்ந்து கவனித்து 2009இல் வெளியிட்ட ஆய்வில், சோயா உணவை மிகுதியாக உண்டவர்களிடையே நோய் திரும்புவதும் இறப்பும் குறைவாகவே காணப்பட்டன. அது கவனிப்பு ஆய்வு மட்டுமே; சோயாதான் அதற்குக் காரணம் என்று நிறுவாது. ஆகவே சோயாவை உணவாக உண்ணட்டும், மருந்தாக நம்ப வேண்டாம். குர்குமின் மாத்திரையை ஏற்கெனவே தொடங்கியிருந்தால், அடுத்த பரிசோதனை வரை காத்திராமல் மருத்துவரிடம் தெரிவியுங்கள்.