சமதளத்தில் வெட்டுகிறது, மேட்டில் இழுக்கிறது

கேள்வி: அப்பா காலத்து 1972 மாடல் அம்பாசடர் மார்க் 2 பெட்ரோல் வண்டி. அறுபதில் ஆக்சிலேட்டரை லேசாக மிதித்துக்கொண்டு போகும்போது வெட்டி வெட்டி ஓடுகிறது. மேட்டில் அழுத்தி மிதித்தால் நன்றாகவே இழுக்கிறது. பெட்ரோல் பம்ப், கார்புரேட்டர் இரண்டையும் கழற்றிச் சுத்தம் செய்தாயிற்று. ஐடிலிங்கில் ஆஃப் ஆகிறது என்று மெக்கானிக் 1,200 ஆர்பிஎம்முக்கு ஏற்றிவைத்திருக்கிறார். பாயின்ட்டை எடுத்துவிட்டு எலக்ட்ரானிக் இக்னிஷன் மாட்டிவிடலாமா?
- வாசகர், காரைக்குடி

பதில்: கொஞ்சம் பொறுங்கள் ஐயா, இப்போது எதையும் மாற்ற வேண்டாம். பழுது எங்கே என்று உங்கள் கடிதமே சொல்கிறது. பெட்ரோல் பற்றாக்குறை என்றால் மேட்டில்தான் முதலில் தெரியும். அங்கே இழுக்கிற வண்டி சமதளத்தில் வெட்டினால் நான் முதலில் பிளக்குகளுக்குக் கரன்ட்டைப் பங்கிடும் டிஸ்டிரிபியூட்டரின் மூடியைத்தான் திறப்பேன்.

லேசாக மிதிக்கும்போது கார்புரேட்டர் பக்கம் வேக்குவம், அதாவது உறிஞ்சும் இழுப்பு, அதிகம். அது சின்னக் குழாய் வழியாக டிஸ்டிரிபியூட்டருக்குள் பாயின்ட் (காயிலுக்குப் போகும் கரன்ட்டைத் திறந்து மூடித் துண்டிக்கும் தொடுமுனை) உட்கார்ந்திருக்கும் தட்டை இழுத்துத் திருப்பி, டைமிங்கை, அதாவது பிளக்கில் பொறி விழும் நேரத்தை, முன்னே தள்ளும். முழுக்க மிதித்தால் வேக்குவம் விழுந்து தட்டு பழைய இடத்துக்கே வந்துவிடும். ஆகத் தட்டு திரும்பிய நிலையில்தான் உங்கள் வண்டி வெட்டுகிறது.

அந்தத் தட்டுக்கு எர்த் கொடுக்க விரல் நீளம்கூட இல்லாத ஒரு ஒயர் இருக்கும். பாயின்ட்டுக்கு வரும் ஒயரும் தட்டோடு சேர்ந்தே ஆடும். வருடக்கணக்கில் மடங்கி மடங்கி உள்ளே செம்பு இழைகள் அறுந்துபோயிருக்கும். மேலுறை மட்டும் புதுசு போல இருக்கும். கண்ணால் பார்த்து நம்பாதீர்கள். தட்டை விரலால் மெதுவாகத் திருப்பிக்கொண்டே, தட்டுக்கும் இன்ஜின் பாடிக்கும் நடுவே மல்டிமீட்டரில் ஓம் பாருங்கள். முள் துளி ஆடினாலும் ஒயரை மாற்ற வேண்டியதுதான். நிறைய மெல்லிய இழைகள் உள்ள மெத்தென்ற ஒயராகப் போடுங்கள், வீட்டு வயரிங் ஒயர் வேண்டாம். உள்ளே சுழலும் ரோட்டரிலும், பாயின்ட்டைத் திறக்கும் கேமிலும் ஒயர் உரசக் கூடாது.

மூடியைத் திறக்கும் முன்பே சோதிக்கலாம். வேக்குவம் குழாயை டிஸ்டிரிபியூட்டரிலிருந்து கழற்றி, அதன் வாயை அடைத்துவிட்டு ஒரு சுற்று ஓட்டுங்கள். வெட்டு நின்றுவிட்டால் சந்தேகம் உறுதி. இன்ஜின் வேகம் காட்டும் டேக்கோமீட்டர் கிடைத்தால் இன்னும் நல்லது. பொறிக்கு வேண்டிய உயர் அழுத்தக் கரன்ட்டைத் தரும் காயிலிலிருந்து டிஸ்டிரிபியூட்டருக்குப் போகும் முனையில் அதை மாட்டி, குழாயை இருந்தபடி இணைத்து, பக்கத்தில் ஒருவரை உட்கார வைத்து முள்ளைக் கவனிக்கச் சொல்லுங்கள். கியரில் ஓடும் இன்ஜினின் வேகம் திடீரென்று பாதியாகக் குறைய வழியில்லை, சக்கரம் அதைச் சுழற்றிக்கொண்டிருக்கிறது. அப்படியும் முள் பட்டென்று விழுந்து எழுந்தால், காயிலின் லோ டென்ஷன் (குறைந்த அழுத்த, அதாவது பாயின்ட்) பக்கம் கரன்ட் அறுகிறது என்று பொருள். முள் ஆடாமல் வண்டி மட்டும் வெட்டினால் பிளக், ஹெச்டி (உயர் அழுத்த) ஒயர், ரோட்டர் பக்கம் போங்கள்.

அப்புறம் அந்த 1,200. இதில் எனக்கு வருத்தம்தான். கேமில் உரசும் பாயின்ட்டின் கால் தேயத் தேய, பாயின்ட் திறக்கும் கேப் (இடைவெளி) குறையும், கேப் குறைந்தால் டைமிங் பின்னே போகும், ஐடிலிங் இறங்கும். அதற்கு மருந்து ஐடிலிங் ஸ்க்ரூ இல்லை. ஏற்றிவைத்த வேகத்தில் டிஸ்டிரிபியூட்டருக்குள் வேகத்துக்கேற்ப டைமிங்கை முன்னே தள்ளும் எடைகள் விரிய ஆரம்பித்துவிட்டால், டைமிங் லைட் வைத்துப் பார்க்கும் டைமிங்கும் பொய்யாகிவிடும். முதலில் பாயின்ட் கேப்பை 15 தவ் (அங்குலத்தின் ஆயிரத்தில் 15 பங்கு), அதாவது 0.38 மில்லிமீட்டர் வையுங்கள். கேமில் கிரீஸ் ஒரு பொட்டு போதும். பிறகு வேக்குவம் குழாயைக் கழற்றி அடைத்துவிட்டு, குறைந்த வேகத்தில் டைமிங்கைச் சரிசெய்யுங்கள். கேப்பைத் தொட்டால் டைமிங் நகரும் என்பதால் இந்த வரிசை மாறக் கூடாது. ஐடிலிங் ஸ்க்ரூ கடைசியில்தான். இன்ஜின் நன்றாகச் சூடேறிய பிறகு 700-ஐ ஒட்டி நின்றால் போதும்.

எலக்ட்ரானிக் கிட் கெட்டதில்லை. ஆனால் அதுவும் இதே தட்டின் மேல்தான் உட்காரும், பல கிட்டுகள் எர்த் எடுப்பதும் அங்கிருந்துதான். ஒயரை மாற்றாமல் அதை மாட்டினால் வண்டி இதே மாதிரி வெட்டும்.