லீஜன் வாசகர் கேள்வி பதில்: சிலை, சாவு, சுப்பர்போய்

மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் லீஜன் ஒஃப் சுப்பர் ஹீரோஸை இவ்வளவு நுணுக்கமாக வாசிக்கிற ஆட்கள் இருக்கிறீர்கள் என்பதே எனக்குப் பெரிய சந்தோசம். கேட்ட கேள்விகளை அப்படியே போட்டு, கீழே பதில் எழுதியிருக்கிறேன். புதிதாக வருபவர்களுக்குச் சுருக்கமாக: இது டிசி கொமிக்ஸ் கதை. ஆயிரம் வருடம் கழித்து, வேறு வேறு கிரகங்களில் பிறந்த இளசுகள் சேர்ந்து நடத்தும் ஒரு படை. 1958 ஏப்ரலில் அட்வெஞ்சர் கொமிக்ஸ் 247ஆம் இதழில், ஒட்டோ பைண்டர் எழுதி அல் பிளாஸ்டினோ வரைந்த கதையில்தான் முதலில் வந்தார்கள்.

ஒரு விசயம் மட்டும் முன்னுக்கே சொல்கிறேன். கதையில் ஓட்டை கண்டவுடன் பிழை என்று கத்தாமல், இதழின் திகதியைப் பாருங்கள். வந்த அன்றைக்கே அது பிழையா, இல்லை பின்னால் வந்த கதை அதைப் பிழையாக்கியதா? கேள்விகளில் பாதிக்கு இதிலேயே விடை இருக்கிறது.

கல்லடி, உயர்தரம் படிக்கும் தம்பி: அண்ணே, முதல் கதையில் கொஸ்மிக் போய்க்குக் காந்த சக்தி விசேட மருந்தால் வந்தது என்று இருக்கிறது. பிறகு அவர் பிறந்த ப்ரால் கிரகத்தில் எல்லாருக்கும் அது பிறவியிலேயே உண்டு என்கிறார்கள். எது சரி?

பிறவி என்பதுதான் நின்றது, அதையே வைத்துக்கொள்ளுங்கள் தம்பி. 1958இல் அது சுப்பர்போயோடு, அதாவது சிறுவயதுச் சுப்பர்மேனோடு, விளையாட கொஸ்மிக் போய், லைட்னிங் லாட், சாட்டர்ன் கேர்ள் என்று மூன்று பேர் வந்து போகும் ஒரே ஒரு கதை. தொடராக வரும் என்று யாரும் திட்டம் போடவில்லை. அதே இதழில் லைட்னிங் லாடையும் பாருங்கள், அங்கே அவர் பெயர் லைட்னிங் போய், இரண்டு கையையும் தட்டினால்தான் மின்னல் வரும். பிறகுதான் கோர்பல் கிரகத்து மின்னல் மிருகங்கள் தாக்கி அண்ணன், தம்பி, தங்கச்சி மூன்று பேருக்கும் சக்தி வந்த கதை. அவர்கள் ஊர் வினாத்தில் எல்லாரும் இரட்டையாகப் பிறப்பார்கள், மூத்தவன் மெக்ட் மட்டும் தனிப்பிறவி, அவன்தான் கெட்டவனாகிறான். இவ்வளவும் பின்னால் வந்து சேர்ந்தது. எனக்கு இதில் குறையே தெரியவில்லை.

ஏறாவூர்ச் சகோதரர்: அக்‌ஷன் கொமிக்ஸ் 267இல் சுப்பர்கேர்ளிடம் வரும் மூவரும், சுப்பர்போய் சந்தித்தவர்களின் பிள்ளைகள் என்று சொல்கிறார்களே?

ஓம், 1960 ஓகஸ்ட் இதழ். சுப்பர்போய் வளர்ந்து சுப்பர்மேன் ஆகிவிட்டார், அப்படியென்றால் எதிர்காலத்திலும் அதே அளவு வருடம் ஓடி அவர்களும் பெற்றோர் ஆகியிருக்க வேண்டும் என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள். காலத்தில் பயணம் செய்கிறவர்களுக்கு இந்தக் கணக்கு தேவையே இல்லை. எந்த வருடத்திலிருந்து புறப்பட்டு எந்த வருடத்துக்கும் போகலாம். பிறகு சத்தமில்லாமல் விட்டுவிட்டார்கள். அந்த இதழில் இதைவிடக் கவனிக்க வேண்டியது வயதெல்லை: 18 தாண்டினால் சேர முடியாது. சிவப்பு கிரிப்டோனைட்டால் சுப்பர்கேர்ள் கொஞ்ச நேரம் பெரிய பெண்ணாகிவிட, அவரைத் திருப்பி அனுப்புகிறார்கள். அடுத்த வருடம்தான் சேர்க்கிறார்கள்.

செங்கலடி டீச்சர்: தம்பி, லீஜனில் இருக்கும் பிரெய்னியாக் 5, சுப்பர்மேனின் பழைய வில்லன் பிரெய்னியாக்கின் வாரிசு. ஆனால் பிரெய்னியாக் ஒரு இயந்திரம். இயந்திரத்துக்கு எப்படிப் பேரப்பிள்ளை?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இதுதான் டீச்சர். 1961 மே, அக்‌ஷன் 276இல் பிரெய்னியாக் 5 அறிமுகமாகும்போது வில்லன் சதையும் இரத்தமும் உள்ள வேற்றுக்கிரகவாசி என்றுதான் எல்லாரும் நினைத்திருந்தார்கள். அன்றைக்கு அதில் பிழையில்லை. மூன்று வருடம் கழித்து, 1964இல் சுப்பர்மேன் 167இல்தான் அவன் ஒரு கம்ப்யூட்டர் என்று மாற்றினார்கள். அதற்கும் வெளியே ஒரு காரணம் இருந்தது. எட்மண்ட் பெர்க்லி என்பவர் அதே பெயரில் ஏற்கெனவே ஒரு கம்ப்யூட்டர் செய்யும் பெட்டி விற்றுக்கொண்டிருந்தார்.

இப்போது உங்கள் கேள்வி அவர்களுக்கும் வந்துவிட்டது. அந்த இதழிலேயே வழி கண்டுபிடித்தார்கள். கிரகத்தை ஆண்ட கொடுங்கோல் கம்ப்யூட்டர்கள் பிரெய்னியாக்கை ஒற்றனாக அனுப்பும்போது, ஆள் மனிதன் போலத் தெரிய வேண்டுமென்று ஒரு பையனை மகன் என்று சொல்லிக் கூடவே அனுப்புகின்றன. அவன் பெயர் வ்ரில் டொக்ஸ். அவன் தப்பி ஓடி, கம்ப்யூட்டர்களுக்கு எதிரான கிளர்ச்சிக்குத் தலைமை தாங்குகிறான். பிரெய்னியாக் 5 அந்தப் பையனின் வழி வந்தவர், இயந்திரத்தின் வழி அல்ல.

ஓட்டையை அடைத்தது மட்டுமல்ல, ஆளையே ஆழமாக்கிவிட்டது. முன்னோர் செய்த பாவத்துக்குப் பரிகாரம் தேடுகிறேன் என்று லீஜனுக்கு வந்தவர், உண்மையில் விடுதலை வாங்கிக் கொடுத்தவனின் பரம்பரை. இன்னும் ஒன்று, 1966 ஜனவரி, அட்வெஞ்சர் 340ஐ எடுத்துப் பாருங்கள். பிரெய்னியாக் 5 தன் கையாலேயே கொம்ப்யூட்டோ என்ற இயந்திரத்தைச் செய்கிறார், அது மனிதர்களை அடக்கக் கிளம்புகிறது, ட்ரிப்ளிகேட் கேர்ளின் மூன்று உடல்களில் ஒன்றைக் கொன்றுவிடுகிறது. கம்ப்யூட்டர் ஆட்சியை உடைத்தவனின் வழித்தோன்றல் இன்னொரு கம்ப்யூட்டர் கொடுங்கோலனை உண்டாக்குகிறார். எழுதியவர்கள் நினைத்து வைத்தார்களோ இல்லையோ, 167ஐயும் 340ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசித்தால் நெஞ்சு பதறும்.

கல்முனை, பல்கலைக்கழக மாணவி: அண்ணா, லைட்னிங் லாட் செத்துப் பிழைத்தார் என்கிறார்கள். பிறகு பிழைத்தது அவரே இல்லை என்கிறார்கள். தலை சுற்றுகிறது.

ஒவ்வொன்றாகப் போவோம் தங்கச்சி. 1963 ஜனவரி, அட்வெஞ்சர் 304. ஸார்யன் என்ற படையெடுப்பாளனோடு நடக்கும் சண்டையில் லீஜன்காரர் ஒருவர் சாவார் என்று சாட்டர்ன் கேர்ளுக்கு முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது. அவர் ஒருவரிடமும் சொல்லாமல், மனசை வாசிக்கும் சக்தியைப் பாவித்துத் தேர்தலில் தன்னைத் தலைவியாக்கிக்கொண்டு, மற்றவர்களை ஒவ்வொரு சாட்டுச் சொல்லி ஒதுக்குகிறார். தான் மட்டும் போய்ச் சாவதுதான் திட்டம். முதல் தடவை வாசிக்கும்போது அதிகார வெறி பிடித்த பிள்ளை போலத் தெரியும், முடிவு தெரிந்த பிறகு முதல் பக்கத்துக்குத் திரும்பினால் ஒவ்வொரு அதட்டலும் வேறு மாதிரிக் கேட்கும். லைட்னிங் லாட் அதைக் கண்டுபிடித்து முந்திக்கொண்டு போய் உயிரை விடுகிறார்.

அதே வருடம் செப்டெம்பர், இதழ் 312. அவரைப் பிழைக்க வைக்க ஒரே வழி, ஒவ்வொருவரும் உலோகக் கோலைத் தூக்கிக்கொண்டு மின்னலில் நிற்பது. யார் கோலில் இடி விழுகிறதோ அவர் உயிர் போய் லைட்னிங் லாடுக்கு உயிர் வரும். சாட்டர்ன் கேர்ள் இங்கேயும் மின்னலை அதிகம் இழுக்கும் உலோகத்தில் தனக்குக் கோல் செய்துகொள்கிறார். இரண்டாவது தடவையும் தானே சாகத் தீர்மானித்துவிட்டார், ஒருவருக்கும் தெரியாமல். லீஜன்காரர் கமிலியன் போயின், உருவம் மாறக்கூடிய செல்லப்பிராணி ப்ரோட்டிக்கு அது விளங்கிவிடுகிறது. அது சாட்டர்ன் கேர்ளின் உருவத்தில் போய் நின்று செத்துப்போகிறது. இரண்டு தடவையும் சாட்டர்ன் கேர்ளின் சாவை வேறொருவர் வாங்கிக்கொள்கிறார். அவர் முகத்தில் எப்போதும் இருக்கும் அந்த இறுக்கத்தை மற்ற வாசகர்கள் குளிர்ந்த சுபாவம் என்பார்கள். நான் இந்த இரண்டு இதழ்களையும்தான் காட்டுவேன்.

பிறகு 1989இல் ஆரம்பித்த தொடரில், கீத் கிஃபெனும் பியர்பாம் தம்பதியும் எழுதிய காலத்தில் வந்ததுதான் உங்கள் தலையைச் சுற்ற வைத்தது: 312இல் எழும்பிய உடம்பில் இருந்தது ப்ரோட்டியின் உயிர், லைட்னிங் லாடின் உயிர் அல்ல என்று. அப்படியென்றால் சாட்டர்ன் கேர்ள் கலியாணம் கட்டியது ப்ரோட்டியை. பலருக்கு இது பிடிக்கவில்லை. 312இன் விதியை எழுத்துக்கு எழுத்து வாசித்தால் ஓர் உயிர் உடம்பு மாறுகிறது, ஆகவே இடமிருக்கிறது என்பதை நான் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்தப் பிராணி தன்னைக் கொடுத்தது என்பதுதான் 312இன் உயிர். கொடுத்தது போகாமல் உள்ளே இருந்துவிட்டது என்றால் கொடுத்ததற்கு என்ன அர்த்தம்? நான் 312ஐ வந்தபடியே வைத்திருக்கிறேன்.

அக்கரைப்பற்றுச் சகோதரர்: 1986இல் சுப்பர்மேன் கதையைப் புதிதாக ஆரம்பித்தபோது, அவர் சிறுவயதில் சுப்பர்போயாக இருக்கவே இல்லை என்றார்கள். அப்படியென்றால் லீஜன் யாரைப் பார்த்து உருவானது?

அடித்தளத்துக் கல்லை உருவிய மாதிரித்தான் அது. ஜோன் பேர்ன் சுப்பர்மேனைத் திருத்தி எழுதினார், நல்ல காரணத்தோடுதான், ஆனால் அடி விழுந்தது லீஜனுக்கு. முதல் மருந்து 1987இல் வந்தது: டைம் ட்ராப்பர் என்ற எதிரி ஒரு சின்னப் பிரபஞ்சத்தை உண்டாக்கி அதற்குள் ஒரு சுப்பர்போயை வைத்திருந்தான், லீஜன் இவ்வளவு காலமும் போய்ப் பார்த்தது அவரைத்தான். லீஜனின் அப்போதைய தொடரில் 38ஆம் இதழில் அந்தச் சுப்பர்போய் இவர்களுக்காகவே சாகிறார். ஓட்டையை மறைக்க வந்த கதைதான், ஆனாலும் போல் லெவிட்ஸ் அதை ஒரு நண்பனின் சாவாக எழுதினார்.

இரண்டாவது மருந்துதான் எனக்குக் கசப்பு. 1989 தொடரின் ஆரம்பத்திலேயே லீஜன்காரர் மோன்-எல் டைம் ட்ராப்பரை அழிக்கிறார், அதனால் வரலாறே மாறி, சுப்பர்போயின் இடத்தில் மோன்-எல்லே வேலர் என்ற பெயரில் வருகிறார், சுப்பர்கேர்ளின் இடத்தில் லோரல் காண்ட். இப்போது பழைய இதழ் ஒன்றைத் திறந்தால் ஒவ்வொரு படத்திலும் மனசுக்குள் ஆளை மாற்றி வாசிக்க வேண்டும். முதல் மருந்து நடந்ததை நடந்ததாகவே விட்டது, இது நடந்ததை அழித்தது. 1994இல் எல்லாவற்றையும் விட்டுவிட்டுப் புதிதாக ஆரம்பித்தார்கள். 2004 முடிவில் மார்க் வெய்டும் பெரி கிட்சனும் இன்னொரு தடவை. ஜெஃப் ஜோன்ஸும் ஜோர்ஜ் பெரஸும் 2008இல் ஆரம்பித்த கதையில் மூன்று லீஜனையும் ஒன்றாக நிற்க வைத்தார்கள். ஒன்றையும் பொய்யென்று சொல்லாமல் விட்டதற்கு அவர்களுக்கு நன்றி.

ஆரையம்பதித் தம்பி: அட்வெஞ்சர் 354இல் ஷடோ வுமன் சிலை வெளிர் நிறம். பிறகு அதே ஆளாக வரும் ஷடோ லாஸ் நீலம். ஏன்?

1967 மார்ச்சில் சிலை வந்தபோது அந்த ஆளே இன்னும் கதைக்குள் வரவில்லை. வளர்ந்த லீஜனைக் காட்டும் அந்தக் கதையை எழுதிய ஜிம் ஷூட்டர், செத்தவர்களின் சிலைகளை அதில் வரிசையாக வைத்தார். அப்போது அவருக்கு 15 வயது! ஷடோ லாஸ் நிஜமாக வந்தது அடுத்த வருடம் 365இல்தான், நிறம் அப்போதுதான் தீர்மானமானது. அந்த வரிசையில் கெமிக்கல் கிங்கையும் பாருங்கள். ஏழாவது உலகப்போரைத் தடுத்து உயிர் கொடுத்தார் என்று சிலையில் இருக்கிறது. பிறகு அவர் லீஜனில் சேர்ந்து, 1977இல் சுப்பர்போய் 228இல் சொன்னபடியே சாகிறார். பத்து வருடம் அந்தச் சிலை காத்திருந்தது. இடையில் அவர் சிரிக்கும் ஒவ்வொரு படமும் முடிவு தெரிந்த வாசகருக்குக் கனக்கும்.

சம்மாந்துறை, வாசகர் ஒருவர்: ஆயிரம் வருடம் கழித்து நீலம், பச்சை எல்லாம் இருக்கிறது, கறுப்பு மனிதர் ஏன் இல்லை?

நியாயமான கேள்வி, சமாளிக்கிற பதில் இதற்கு வேண்டாம். 1966இல் ஷூட்டர் ஃபெரோ லாடைக் கறுப்பினத்தவராக ஆக்க விரும்பினார், ஆசிரியர் மோர்ட் வைசிங்கர் விடவில்லை. ஆள் கடைசிவரை முகமூடியோடு வந்து, 353இல் சூரியனைத் தின்னும் சன்-ஈட்டரை அழிக்கப் போய்ச் சாகிறார். 1976இல் கறுப்பின லீஜன்காரர் டைரொக் வந்தார், ஆனால் கறுப்பு மக்கள் எல்லாரும் மார்சல் என்ற தீவில் தனியாக வாழ்கிறார்கள் என்று விளக்கம் கொடுத்தார்கள். படம் வரைந்த மைக் கிரெலுக்கே அது பிடிக்கவில்லை என்று அவரே சொல்லியிருக்கிறார். இதை ஓட்டை என்று சொல்லி அடைக்கக் கூடாது, அந்தக் காலத்து அமெரிக்கப் பதிப்பகத்தின் பயம் என்றே வாசிக்க வேண்டும்.

வாழைச்சேனைத் தம்பி: எதில் தொடங்கலாம்?

1982இன் லீஜன் ஒஃப் சுப்பர் ஹீரோஸ் இதழ்கள் 290 தொடக்கம் 294 வரை, லெவிட்ஸும் கிஃபெனும். பின்னால் நிற்கும் எதிரி யாரென்று யாரிடமும் கேட்காமல் வாசியுங்கள். அதற்குப் பிறகு அட்வெஞ்சர் 304உம் 312உம்.

திருக்கோவில், ஒன்பதாம் வகுப்புத் தங்கச்சி: பின்னணியில் இருக்கும் அந்தக் கிறுக்கல் எழுத்துக்கு அர்த்தம் இருக்கிறதா?

இருக்கிறது அம்மா. அதுதான் இன்டர்லாக். ஓர் ஆங்கில எழுத்துக்கு ஒரு குறி, அவ்வளவுதான். ஓர் அட்டவணை எழுதி வைத்துக்கொண்டு 1989 தொடரின் சுவர்களையும் பெயர்ப்பலகைகளையும் வாசித்துப் பாருங்கள். அந்தத் தொடரில் பக்கத்துக்கு ஒன்பது சின்னக் கட்டங்களாகப் போடுவார்கள், விளக்கம் ஒன்றும் தரமாட்டார்கள், பாதிச் செய்தி பின்னணியில்தான் கிடக்கும்.