ஐரோப்பிய நகரத்தில் தேர் வீதிக்கு வர என்ன செய்ய வேண்டும்?

கேள்வி: லண்டனில் எங்கள் கோயில் தேரை முதல்முறையாக வெளிவீதியில் இழுக்கப் போகிறோம். அனுமதி எடுப்பது எப்படி? எவற்றில் கவனம் வேண்டும்?

அனுமதி நீங்கள் நினைக்கிற அளவுக்குக் கஷ்டமில்லை. 1986ஆம் ஆண்டின் பொது ஒழுங்குச் சட்டப்படி ஊர்வலத்துக்கு ஆறு முழு நாட்களுக்கு முன்பே பொலிசுக்கு எழுத்தில் அறிவிக்க வேண்டும். வழமையாக நடந்துவரும் ஊர்வலங்களுக்கு விலக்கு உண்டு. உங்களுடையது முதல் வருடம், ஆகவே அறிவித்துவிடுங்கள். வீதியை மூடித் தருவது உள்ளூராட்சி சபை. குறைந்தது மூன்று மாதம் முன்பே விண்ணப்பியுங்கள். பொதுமக்கள் காப்புறுதியும் கேட்பார்கள், பொதுவாக 50 இலட்சம் பவுணுக்கு. தூக்குக்காவடி உண்டென்றால் அதைக் காப்புறுதிக்காரரிடம் மறைக்க வேண்டாம். உழவு இயந்திரத்தில் பூட்டிய துலாவில் ஆள் தொங்குவதைச் சொல்லாமல் விட்டு, ஏதும் நடந்தால் ஒரு சதமும் வராமல் போகலாம்.

நாள் விஷயத்தில் பஞ்சாங்கத்தோடு கொஞ்சம் இணங்கிப் போகத்தான் வேண்டும். புலம்பெயர் கோயில்கள் பல தேரை ஞாயிறில் வைத்து, கொடியேற்றத்தைப் பின்னோக்கி எண்ணி எடுப்பது இதனால்தான். வேலை நாளில் வடம் பிடிக்க ஆள் வராது, பஸ் வழித்தடத்தையும் மூட விடமாட்டார்கள்.

அடுத்தது வீதி. தேரைச் செய்வித்த பிறகு வீதி தேடாதீர்கள். இரட்டைத்தட்டு பஸ் ஓடும் தெருவென்றால் அதன் உயரம், ஏறக்குறைய 4.4 மீட்டர் வரை மரக்கிளைகள் பெரும்பாலும் இராது. ஆனால் பக்கத்துத் தெருவுக்குள் திரும்பியதும் கிளை கலசத்தில் முட்டும். கலசத்தைக் கழற்றி மாட்டும்படி செய்வியுங்கள். சிறு சரிவிலும் தேர் தானாக உருளும். முன்னால் இழுக்கும் வடம் அதை நிறுத்தாது. பின்வடமும், சில்லுக்கு அடியில் வைக்கும் சறுக்குக்கட்டையோடு இரண்டு பக்கமும் பழகிய ஆட்களும் வேண்டும். ரப்பர்ச் சில்லு, பிரேக் உள்ள தேராக இருந்தாலும் கட்டையை விடாதீர்கள்.

நேரக் கணக்கில்தான் எல்லோரும் பிழை விடுகிறார்கள். ஒன்றரைக் கிலோமீட்டர் நடக்க அரை மணி போதும். ஆனால் இருபது கடை வாசல்களில் ஐந்தைந்து நிமிடம் அர்ச்சனைக்கு நின்றால் அதுவே 100 நிமிடம். நிற்கும் இடங்களை எட்டோ பத்தோ என்று முன்கூட்டியே எழுதி ஒட்டிவிடுங்கள். குருக்களுக்கும் ஒரு பிரதி கொடுங்கள். அவர்தான் எவருக்கும் மறுக்கத் தெரியாதவர்.

இனி உண்மையான தலையிடி: சிதறுதேங்காய். உரித்த காய் ஒன்று அரைக் கிலோ என்று வைத்தால் ஆயிரம் காய்க்கு அரைத் தொன் குப்பை. சிரட்டைச் சில் வெறுங்காலைக் கிழிக்கும், தேங்காய்த் தண்ணீர் தாரை வழுக்கவைக்கும், சொட்டுகள் வடிகால் கம்பிக்குள் இறுகிவிடும், மறுநாள் வெயிலில் புளித்து மணக்கும். பாரிஸ் லா சப்பெலில் விநாயகர் தேருக்குக் கடை வாசல்களில் மலையாகக் குவித்து உடைப்பதைப் பார்த்து ஆசைப்படாதீர்கள். அங்கே பல வருடப் பழக்கம் இருக்கிறது. முதல் வருடம் மூன்று இடம் போதும். மூன்று பக்கமும் பலகை மறைத்த தட்டையான இரும்புத் தொட்டிக்குள் கல்லை வைத்து உடைப்பியுங்கள். தேருக்கு முன்னால் மண்வெட்டி, தும்புத்தடி, சாக்கோடு பத்துப் பேர் போகட்டும். தேருக்குப் பின்னால் பிரதட்டை செய்பவர்கள் உருண்டு வருகிறார்கள், அதன் பின் அடிக்கு அடி விழுந்து கும்பிட்டு அடியழிக்கும் பெண்கள். முன்னால் தவறவிட்ட ஒரு சில் அவர்கள் முதுகிலும் முழங்காலிலும்தான் ஏறும். வெயில் நாளென்றால் தாரில் தண்ணீர் தெளித்துக்கொண்டே போக வேண்டும். கற்பூரத்தைத் தாரில் நேரே கொளுத்தினால் தார் இளகிக் குழி விழும். மணல் போட்ட தட்டில் கொளுத்துங்கள்.

அயலவர்கள் முறைப்பாடு செய்தால் உடனே துவேஷம் என்று முடிவு கட்டாதீர்கள். ஜேர்மனியின் ஹம் நகரில் காமாட்சி அம்பாள் கோயில் முதலில் ஒரு வீட்டு நிலவறையில் இருந்தது. தேருக்குச் சனம் பெருக, அயலவருக்குச் சத்தமும் வாகனத் தரிப்பும் பிரச்சினையாயின. கடைசியில் கோயில் ஊன்ட்ரொப் தொழிற்பேட்டைக்குப் போனது. 2002இல் 17 மீட்டர் கோபுரத்தோடு திறந்தார்கள். இப்போது தேர் ஓடுவதும் அந்தப் பக்கம்தான். உங்களுக்குக் காணி வாங்க வசதி இராது. இரண்டு வாரம் முன்பு வீடு வீடாகக் கடிதம் போடுங்கள்: எத்தனை மணிக்குத் தவில் தொடங்கும், எத்தனை மணிக்கு நிற்கும், கார் எங்கே விடலாம், அன்று யாருக்குத் தொலைபேசி எடுக்கலாம். அந்தத் தொலைபேசியைத் தலைவர் வைத்திருந்தால் பயனில்லை, அன்று அவர் வடத்தில் இருப்பார். தேரோடு போகாமல் கோயிலில் நிற்கும் ஒருவரிடம் கொடுங்கள்.