காதைப் பொத்தினால் ஆட்டிசமா? பேக்கேஜ் கட்டுவதற்கு முன்

கேள்வி: என் மகனுக்கு நாலு வயது ஆகப்போகிறது. குக்கர் விசில், மிக்சி சத்தம் கேட்டாலே காதைப் பொத்திக்கொண்டு அடுத்த அறைக்கு ஓடுகிறான். முடி வெட்டப் போனால் கடையே அதிரும்படி அலறுகிறான். தயிர் சாதம், இட்லி தவிர எதற்கும் வாயைத் திறப்பதில்லை. அடிக்கடி நுனிக்காலில் நடக்கிறான். பேசுகிறான், ஆனால் பாதிக்கு மேல் போனில் கேட்ட வசனங்கள். இங்குள்ள ஒரு தெரபி சென்டரில் அரை மணி நேரம் பார்த்துவிட்டு, 'சென்சரி பிரச்சினை, இப்போதே சரிசெய்யாவிட்டால் ஆட்டிசமாக மாறிவிடும்' என்கிறார்கள். ஆறு மாத பேக்கேஜ் 1,20,000 ரூபாய். மாதக் கடைசிக்குள் கட்டினால் 20,000 தள்ளுபடியாம். பாலையும் கோதுமையையும் நிறுத்தச் சொன்னார்கள். நகையை அடகு வைத்துக் கட்டலாமா? (ஒரு தாய், விருதுநகர் மாவட்டம்)

பதில்: நகை வீட்டிலேயே இருக்கட்டும். மற்றதை அப்புறம் பேசுவோம்.

முதலில் அந்த 'மாறிவிடும்'. சளி முற்றி நிமோனியா ஆவதுபோல, புலன் கூச்சம், அதாவது அவர்கள் சொல்லும் 'சென்சரி பிரச்சினை', முற்றி ஆட்டிசம் ஆவதில்லை. ஆட்டிசம் மூளை வளர்ச்சியிலேயே அமைந்த ஒன்று. இருந்தால் இப்போதே இருக்கிறது. இல்லையென்றால், ஆறு மாதம் கழித்துக் குக்கர் விசிலிலிருந்து வந்து ஒட்டிக்கொள்ளாது. இருபது வருடமாக ஆக்குபேஷனல் தெரபி, அதாவது அன்றாடச் செயல்களுக்குப் பிள்ளைகளைப் பழக்கும் சிகிச்சை, பார்க்கிறவன் நான். என் தொழிலை வைத்தே பயமுறுத்திப் பணம் கேட்கிறார்கள் என்பதால் கொஞ்சம் கோபமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கோயில் கொடைக்கு மைக்செட் போடுகிறவரைப் பார்த்திருப்பீர்கள். ஒவ்வொரு ஒலிக்கும் தனித்தனித் திருகு வைத்திருப்பார். நம் மூளையிலும் ஒவ்வொரு புலனுக்கும் அப்படி ஒரு திருகு இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் மகனுக்கு ஒலியின் திருகு அதிகமாகத் திறந்திருக்கிறது, தோலுக்கும் நாக்குக்கும் அப்படியே. வேறொரு புலனுக்கு அது மூடியும் இருக்கலாம். விசிலுக்கு நடுங்குகிற பிள்ளை, முட்டி பெயர்ந்து ரத்தம் வந்தாலும் எழுந்து ஓடுவது இதனால்தான். 'நடிக்கிறான்' என்பார்கள் வீட்டுப் பெரியவர்கள். நடிப்பு இல்லை.

சரி, இது ஆட்டிசத்தின் அடையாளமா? ஆட்டிசம் உள்ள பிள்ளைகளிடம் இது நிறையவே உண்டு. அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேடு 2013-இல் புதுப்பிக்கப்பட்டபோது இதையும் அடையாளங்களில் சேர்த்தார்கள். ஆனால் திரும்பத் திரும்பச் செய்யும் பழக்கங்கள் என்ற பிரிவில், நான்கில் ஒன்றாகத்தான் சேர்த்தார்கள். மற்றவர்களோடு பழகுவதிலும் கருத்தைப் பரிமாறிக்கொள்வதிலும் சிக்கல் இல்லாமல் இது மட்டும் இருந்தால் ஆட்டிசம் இல்லை. புலன் கூச்சத்தை மட்டும் தனி நோயாக எழுதாதீர்கள் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களின் அமைப்பு 2012-லேயே சொல்லிவிட்டது. நம் ஊரில் அதையே போர்டில் எழுதி மாட்டுகிறார்கள்.

எனவே கவனிக்க வேண்டியது வேறு. வானத்தில் விமானம் போனால் விரலை நீட்டி, 'பார்த்தாயா' என்று உங்கள் முகத்தைத் திரும்பிப் பார்க்கிறானா? பிஸ்கட் டப்பாவைக் காட்டிக் கேட்பது கணக்கில் வராது, அது தேவைக்கு. ரசித்ததைப் பகிர்ந்துகொள்ளக் காட்டுகிறானா என்பதே கேள்வி. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புகிறானா? அடுத்த வீட்டுப் பிள்ளையோடு சேர்ந்து விளையாடுகிறானா, பக்கத்தில் இருந்துகொண்டு தனியாகவா? போன் வசனங்களையே பேசுகிறான் என்கிறீர்களே, அதை நான் லேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன். கடிதத்தைப் படித்து 'இல்லை' என்று சொல்லவும் மாட்டேன். ஒரு மருத்துவர் நேரில் பார்த்தே ஆக வேண்டும்.

அதற்கு முன் ஒரு பரிசோதனை: காது. 'சின்னச் சத்தத்துக்கே காதைப் பொத்துகிறான், அவனுக்கா கேட்காது?' என்று எல்லாப் பெற்றோரும் கேட்பார்கள், பல டாக்டர்களும் அதோடு விட்டுவிடுகிறார்கள். அங்கேதான் ஏமாந்து போகிறோம். காது என்பது கேட்கும், கேட்காது என்று இரண்டே நிலை உள்ள சுவிட்ச் இல்லை. லாரி, மேளம், மிக்சி போன்ற தடித்த சத்தங்கள் நன்றாகக் கேட்டு, 'ச', 'க', 'த' போன்ற மெல்லிய ஒலிகள் மட்டும் நழுவிப் போகும் பிள்ளைகள் உண்டு. இன்னொரு வகையில், மெதுவான சத்தம் கேட்கவே கேட்காது, கொஞ்சம் கூடினால் காதைப் பிளக்கும். ஆட்டிசம் என்று ஒன்றரை வருடம் தெரபிக்கு அலைந்துவிட்டு என்னிடம் வந்த ஒரு பெண் குழந்தை இந்த இரண்டாவது வகை. அவளுக்கு வேண்டியிருந்தது காது மெஷின். யாரும் சோதித்துப் பார்க்கவில்லை. ஆகவே, அவன் பொத்துகிறானோ இல்லையோ, ஓ.ஏ.ஈ., பெரா என்ற இரண்டு காது சோதனைகளையும் எழுதித் தரும்படி டாக்டரிடம் கேளுங்கள். பெராவுக்குப் பிள்ளை தூங்க வேண்டியிருக்கும். பயப்பட ஒன்றும் இல்லை.

எங்கே போவது? மாவட்டத்தின் பெரிய அரசு ஆஸ்பத்திரியில் டி.இ.ஐ.சி. என்று கேளுங்கள், பிள்ளைகளின் வளர்ச்சிக் குறைகளைச் சீக்கிரமே கண்டு உதவும் ஆரம்ப நிலை இடையீட்டு மையம். மத்திய அரசு 2013-இல் தொடங்கிய சிறார் நலத் திட்டத்தில் வந்தது, கட்டணம் கிடையாது. சென்னைப் பக்கம் வர முடிந்தால் முட்டுக்காட்டில் நிப்மெட் இருக்கிறது, மாற்றுத்திறனாளிகளுக்கான மத்திய அரசு நிறுவனம். இலவசம் என்பதால் சுலபம் என்று நினைத்துவிடாதீர்கள். சத்தம் தாங்காத பிள்ளைகளைக் காலை எட்டு மணி முதல் மதியம் இரண்டு வரை ஃபேன் கடகடக்கும் வராந்தாவில் உட்கார வைத்துவிட்டு, உள்ளே போனதும் 'ஏன் அழுகிறான்?' என்று கேட்ட ஒரு முகாமை நானே பார்த்திருக்கிறேன். ஆட்டிசம் 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் பட்டியலில் இருக்கிறது. சட்டம் இயற்றியவர்கள் ஒரு நாள் அந்த வராந்தாவில் உட்கார்ந்து பார்க்கட்டும். நீங்கள் வீட்டில் அவன் விளையாடுவதை, சாப்பிடுவதை, விசிலுக்கு ஓடுவதைப் போனில் எடுத்துக்கொண்டு போங்கள். டாக்டர் முன்னால் எந்தப் பிள்ளையும் வழக்கம்போல இருக்காது.

பின்னாளில் மாற்றுத்திறனாளி அடையாள அட்டை தேவைப்பட்டால் விண்ணப்பம் இலவசம். வாசலில் 'நான் வாங்கித் தருகிறேன்' என்று நிற்பவரிடம் ஐந்து பைசா தராதீர்கள்.

இனி சென்டர் விஷயம். ஆடித் தள்ளுபடியில் புடவை எடுக்கலாம், வைத்தியம் எடுக்க முடியாது. பிள்ளையின் தேவை மாதா மாதம் மாறும்போது ஆறு மாதத்துக்கு மொத்தமாக எதை விற்கிறார்கள்? அங்கே போகச் சொன்னது யார் என்றும் யோசியுங்கள். அனுப்பும் பிள்ளை ஒன்றுக்கு இவ்வளவு என்று பங்கு பேச என் அறைக்கே ஒருவர் கவரோடு வந்திருக்கிறார். நம்பகமான இடமானால் சிட்டிங் கணக்கில் பணம் வாங்கும், ரசீது தரும், உங்களை உள்ளே உட்கார விடும். ஸ்பீச் தெரபிஸ்ட், ஸ்பெஷல் எஜுகேட்டர் என்றால் ஆர்.சி.ஐ., அதாவது இந்திய மறுவாழ்வு கவுன்சிலின், பதிவு எண்ணைக் கேளுங்கள். முகம் சுளித்தால் எழுந்து வந்துவிடுங்கள். இரண்டாம் கட்டமாக ஸ்டெம் செல் ஊசி என்று ஆரம்பித்தால் செருப்பைப் போட்டுக்கொள்ளுங்கள். ஆட்டிசத்துக்கு அதைப் பரிந்துரைக்கக் கூடாது என்று தேசிய மருத்துவ ஆணையத்தின் குழு 2022-லேயே சொல்லியாயிற்று.

பாலை நிறுத்தச் சொன்னார்களாம். தயிர் சாதத்தில் உயிர் வாழ்கிற பிள்ளைக்கு! அந்த உணவு முறை ஆட்டிசத்தைக் குறைக்கும் என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை. தயிரை நிறுத்தாதீர்கள். தட்டின் ஓரத்தில் புதிதாக ஒன்று, கடுகளவு வையுங்கள். சாப்பிடச் சொல்லாதீர்கள், தயிரில் ஒளித்தும் வைக்காதீர்கள். ஒருமுறை கண்டுபிடித்தால் தயிர் சாதமும் போய்விடும்.

குக்கர் வைக்கும்போது 'மூன்று விசில் வரும்' என்று முன்கூட்டியே சொல்லி, வாசல் பக்கம் நின்று உங்களோடு எண்ண வையுங்கள். பாதிப் பயம் எப்போது கத்தும் என்று தெரியாததால்தான்.

முடி வெட்ட ஞாயிறு வேண்டாம், கடை காலியாக இருக்கும் புதன் காலை போங்கள். மிஷின் வேண்டாம், கத்தரி போதும் என்று முன்பே சொல்லி வையுங்கள். தண்ணீர் பீய்ச்சுவதும் வேண்டாம். கழுத்தில் கட்டும் துணிக்குப் பதில் அவனுடைய பழைய சட்டையைப் போட்டுவிட்டு, உங்கள் மடியில் உட்கார வைத்து, வெட்டுவதற்கு முன் இரண்டு உள்ளங்கையாலும் தலையை அழுத்தமாகப் பத்து எண்ணும் வரை பிடியுங்கள். இப்படிப்பட்ட பிள்ளைகள் பலர் அழுத்தத்தைத் தாங்குவார்கள், மயிலிறகு போலத் தடவினால்தான் துடிப்பார்கள். முதல் நாள் பாதித் தலைதான் முடிந்தது என்றால் பாதித் தலையோடு வீட்டுக்கு வாருங்கள். மீதியை அடுத்த புதன் பார்த்துக்கொள்ளலாம்.